கொழுந்தனுக்கு ஆகாத விசாகம்

பாவாடை இருபத்தைந்து வயதிலேயே போய்ச் சேரப்போகிறான் என்று சொன்னவர் செஞ்சிக் கடைத்தெரு ஜோசியர். அதையாவது கொஞ்சம் பதறிச் சொல்லியிருக்கலாம் மனுஷர். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, சாயங்காலம் தூறல் விழும் போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னார். எமனைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறவள் அவலூர்பேட்டையில் இருந்தாள். பெயர் செந்தாமரை, வயது இருபது, பிறந்தது விசாகம் நாலாம் பாதம்.

செந்தாமரையைப் பார்த்தது பாவாடைக்காக இல்லை, அவன் அண்ணன் பச்சைமுத்துவுக்காக. ஆனால் விசாகத்துப் பெண் கொழுந்தனுக்கு ஆகாது, அவள் கழுத்தில் தாலி ஏறினால் புருஷனுடைய தம்பி தங்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. இப்படி உறவுக்கு ஒரு நட்சத்திரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூலத்துக்காரி மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்துக்காரி மாமியாருக்கு ஆகாது, கேட்டை என்றால் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது. மாமனார் இல்லாத வீட்டில் மூலம் சுலபமாக நுழைந்துவிடும். பச்சைமுத்து வீட்டிலும் மாமனார் இல்லை, அப்பா செத்து வெகுகாலம் ஆகிறது. அதனால் என்ன பிரயோஜனம்? வந்த பெண் மூலமாக இருக்கக்கூடாதோ, விசாகமாக வந்து தொலைத்தாள்.

பச்சைமுத்துவுக்கு முப்பத்து நாலு வயது. கடைத்தெருவில் கயிறு, சாக்கு, இரும்பு வாளி விற்கிற கடை. அதிகம் பேசமாட்டான். வாளி வாங்க வருகிறவர்கள் அவனிடம் பேரம் பேசிப் பார்த்து, எதிர்ப்பேச்சு வராததால் சலித்துப்போய்ச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று வருஷமாக அம்மா ராஜாம்பாள் பெண் பார்த்தாள், அவளே வேண்டாம் என்றும் சொன்னாள். பச்சைமுத்து எதற்கும் வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவன் போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே, அவலூர்பேட்டையில் ஓர் இடம் இருக்கிறதாம், விசாரித்தால் என்ன என்று சாதத்தைப் பார்த்துச் சொன்னான். பாவாடைக்குப் புரையேறிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அவலூர்பேட்டைச் சந்தையில் பச்சைமுத்து கயிறு விற்கும் இடத்துக்கு விநாயகம் என்கிற விவசாயி கிணற்றுக் கயிறு வாங்க வந்தார். கூடவே வந்த மகள் கயிற்றின் முறுக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பழைய நார் போட்டுத் திரித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். பச்சைமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. அவனும் பிரித்துப் பார்த்தான். அவள் சொன்னது நிஜம்தான். வேறு கயிறு எடுத்துக் கொடுத்தான். அதற்கு அடுத்த சந்தைக்கு அவன் முகச்சவரம் செய்துகொண்டு போனதைக் கடைத்தெருவே கவனித்தது.

எல்லாப் பொருத்தமும் கூடி வந்தது, இந்த விசாகம் ஒன்றைத் தவிர. ஜோசியர் சொன்னதைக் கேட்டதும் ராஜாம்பாள் ஜாதகத்தை மடித்து, இடுப்பில்கூடச் செருகிக்கொள்ளாமல், அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாவாடை என்கிற பெயரே அதற்குச் சாட்சி. அது ஆண்பிள்ளைப் பெயர்தான், மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காவல் நிற்கும் சாமியின் பெயர். பிள்ளை தங்காத வீடுகளில் வேண்டிக்கொண்டு வைப்பார்கள். பச்சைமுத்துவுக்கும் பாவாடைக்கும் நடுவில் அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் போய்விட்டன. இரண்டு பெண், ஓர் ஆண். அந்த வீட்டில் அவர்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. பாவாடைக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. கடைசியில் மலையனூரில் மண்சோறு தின்று பெற்ற பிள்ளையை, எவளோ ஒருத்தியின் நாலாம் பாதத்துக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

பாவாடையோ இதையெல்லாம் கேட்டு ஓவென்று சிரித்தான். சிரிக்காமல் எப்படி? அவன் செய்வது மைக் செட் வியாபாரம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதற்கும் அவனுடைய ஒலிபெருக்கிதான். கட்சிக் கூட்டங்களில் பெரிய பேச்சாளர் வந்து சேர நேரமாகும் என்று தெரிந்தால், கூட்டம் கலையாமல் இருக்க இவனே மைக்கைப் பிடித்து, கட்டமும் கிரகமும் நட்சத்திரமும் மனுஷன் காதில் சுற்றுகிற பூ என்று ஒரு பிடி பிடிப்பான். ஜோசியர் கடைக்கு எதிரிலேயே ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பிக் கட்டிப் பேசியவன். ஜோசியர் இப்போது பழி தீர்க்கிறார் என்று அவன் சிநேகிதர்கள் சொன்னார்கள்.

வீட்டிலும் ஒரு கூட்டம் போட்டான். எனக்கு ஒன்றும் ஆகாது, முகூர்த்தம் பாருங்கள், நானே இலவசமாக மைக் செட் போடுகிறேன் என்றான்.

"நீ மைக்குல பேசற பேச்செல்லாம் ஊட்டாண்ட பேசாத" என்றாள் ராஜாம்பாள்.

பச்சைமுத்து நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான். "உன் உசுரை வச்சி எனக்குக் கல்யாணம் வாணான்டா" என்றான். அதோடு எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

இனிமேல்தான் விஷயம். அண்ணன் அப்படிச் சொன்ன நிமிஷத்தில் பாவாடையின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்றது. யாருக்கும் கேட்கவில்லை, அவனுக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. அதைவிட வெட்கக்கேடு அவனுக்கு அதுவரை நேர்ந்ததில்லை.

உண்மையில் அவன் பயந்துபோயிருந்தான். மைக்கைத் தொட்டால் சுர்ரென்று கரண்ட் அடிப்பது அந்தத் தொழிலில் தினசரி நடப்பது, முன்பெல்லாம் கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பான். ஜோசியர் சொன்னதற்குப் பிறகு, அப்படி அடித்தபோது அரை நாள் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துப் பார்த்தான். திண்டிவனம் ரோட்டில் லாரி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி வயல் ஓரமாக நின்றான். தென்னை மரத்தில் குழாய் கட்ட ஆள் வைத்தான். கூலிக்கு ஆள் வைக்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் முட்டி வலி என்றான். இவ்வளவையும் செய்துகொண்டு, அந்த வாரக் கூட்டத்திலும் நட்சத்திரத்தைத் திட்டிப் பேசினான். கைதட்டல் வழக்கத்தைவிட அதிகம்.

அண்ணனைப் பார்க்கத்தான் முடியவில்லை. பச்சைமுத்து முன்பும் பேசாதவன்தான். ஆனால் பேச ஒன்றுமில்லாமல் பேசாதிருப்பது வேறு, இது வேறு. சந்தை நாளில் அவலூர்பேட்டைக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்து, சுற்றிக் கட்டி வைத்த கயிற்றுச் சுருளை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றிக்கொண்டிருந்தான். இதற்கிடையில் விநாயகம் ஆள் அனுப்பியிருந்தார். அனந்தபுரத்தில் இன்னோர் இடம் கேட்கிறார்களாம், பெண்ணுக்கு அதில் இஷ்டமில்லையாம், இருந்தாலும் ஆடி பிறப்பதற்குள் உங்கள் வீட்டிலிருந்து பதில் வராவிட்டால் அவர்களுக்கே வாக்குக் கொடுத்துவிடுவாராம். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்கிற செய்தி பச்சைமுத்துவின் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

ஆனி முக்கால்வாசி போயிருந்தது. என்னவாவது செய்யாவிட்டால் இந்த வெட்கத்தோடு ஆயுசுக்கும் அண்ணன் முகத்தில் விழிக்கவேண்டியிருக்கும் என்று பாவாடைக்குத் தோன்றியது. அப்போதுதான் பொன்னுசாமியின் ஞாபகம் வந்தது.

பொன்னுசாமி ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன், பாவாடை வயதுதான். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில், கப்பலில் வைத்திருந்ததாம் என்று எவனோ சொன்னதை நம்பி, ஒரு பித்தளைத் தொலைநோக்கியை வாங்கி வந்திருந்தான். நீட்டினால் ஒரு முழம் வரும், மடக்கினால் சாண். கையில் பிடித்தால் நடுங்குகிறது என்று பாவாடையிடம் மைக் ஸ்டாண்டை இரவல் வாங்கி, மைக் இருக்கவேண்டிய இடத்தில் அதைக் கயிற்றால் கட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் நிலாவைக் காட்டியிருக்கிறான்.

விசாகத்தைக் காட்ட முடியுமா என்று பாவாடை கேட்டான். பொன்னுசாமி சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அதுவா, இந்த மாதம் இருட்டியதும் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கிறது, அதைவிட வசதி கிடையாது, வெறும் கண்ணுக்கு ஒன்று, கண்ணாடியில் பார்த்தால் இரண்டு என்றான். அதுதான் வேண்டும் என்றான் பாவாடை. அவன் கணக்கு சுலபமானது. அம்மாவை மாடிக்கு அழைத்துப்போய், இதோ பார், நீ பயப்படுகிற விசாகம் இதுதான், வானத்தில் எரிகிற இரண்டு நெருப்பு, எங்கேயோ கிடக்கிறது, இதற்கு உன் பிள்ளையையும் தெரியாது, அவலூர்பேட்டையையும் தெரியாது என்று காட்டவேண்டும். அம்மாவுக்குக் காட்டுகிற சாக்கில் தானும் பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டாவதை அவன் பொன்னுசாமியிடம் சொல்லவில்லை.

தேய்பிறையில் ஒரு நாள், விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் பொன்னுசாமி வந்துவிட்டான். மொட்டை மாடியில் மைக் ஸ்டாண்டை நிறுத்தி, கடையிலிருந்து எடுத்து வந்த புதுச் சணல் கயிற்றால் தொலைநோக்கியைக் கட்டினார்கள். ஊருக்கு மேற்கே ராஜகிரி மலை கருப்பாகக் கிடந்தது. அதற்கு மேலே வானம் துடைத்து வைத்தாற்போலிருந்தது. பொன்னுசாமி தெற்கே கையைக் காட்டி, அந்தச் சிவப்பு கேட்டை, இந்தப் பக்கம் வெள்ளையாக மின்னுவது சித்திரை, இரண்டுக்கும் நடுவில் தனியாகத் தெரிகிறதே அதுதான் உன் ஆள் என்றான்.

பாவாடை முதலில் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாத இருட்டு. அப்புறம் சட்டென்று வந்து நின்றது. வெள்ளை வெளேரென்று ஒன்று, அதற்குக் கொஞ்சம் தள்ளி, மங்கலாக, லேசான மஞ்சளோடு இன்னொன்று. இரண்டும் அசையாமல் நின்றன. இது வெறும் நெருப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே, பெரிய வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தச் சின்னதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான். அது இப்போது அணைந்துவிடுமோ என்று பார்த்தான் என்பதுதான் உண்மை.

"இன்னாப்பா, தெரியுதா?" என்றான் பொன்னுசாமி.

தெரிகிறது என்று சொல்லிவிட்டு பாவாடை விலகிக்கொண்டான். நீ பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு அறுபது எழுபது வருஷம் ஆகிறது, உன் அம்மா பிறப்பதற்கு முன்னால் கிளம்பியது இப்போதுதான் செஞ்சிக்கு வந்து சேர்கிறது என்று பொன்னுசாமி பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தான். அதைக் கேட்டுப் பாவாடைக்குத் தைரியம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ராஜாம்பாளை மாடிக்கு வரவழைப்பது பெரும் பாடாகிவிட்டது. நட்சத்திரத்தை எல்லாம் கண்ணாடி போட்டுப் பார்க்கக்கூடாது என்றாள். முட்டி வலி என்றாள், அது பொய்யில்லை. கடைசியில், வாத்தியார் வந்து காத்திருக்கிறார், மரியாதையாக இருக்காது என்று சொன்னதும் ஏறினாள். உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவள் கண்ணுக்கு எட்டும்படி பாவாடை ஸ்டாண்டை இறக்கினான். இன்னொரு சங்கடம், அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. ஒன்றை மூடினால் மற்றதும் மூடிக்கொண்டது. பாவாடை பின்னால் நின்றுகொண்டு தன் உள்ளங்கையால் அவள் இடது கண்ணைப் பொத்தினான்.

"ரெண்டு தெரியுது" என்றாள் ராஜாம்பாள் கொஞ்ச நேரம் கழித்து.

அதோடு பொன்னுசாமி சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி, எதையும் உதாரணம் சொல்லித்தான் விளக்கும். அந்தப் பெரியதை அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னதைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, உங்கள் வீட்டு மாதிரிதான், ஒன்றால் ஒன்றுக்குக் கெடுதல் இல்லை, காலகாலமாகச் சேர்ந்தே நிற்கிறார்கள் என்று சொல்லிவைத்தான். பாவாடை பல்லைக் கடித்தான். நட்சத்திரத்துக்கும் நமக்கும் சொந்தம் இல்லை என்று காட்டத்தானே இவ்வளவு ஏற்பாடு, இந்த ஆள் அதில் போய் அண்ணனையும் தம்பியையும் உட்கார வைக்கிறானே என்று எரிச்சலாக வந்தது.

ராஜாம்பாள் கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். நட்சத்திரம் மெல்ல நகர்ந்து விளிம்புக்குப் போக, பொன்னுசாமி குழலைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நடுவுல இருந்ததுங்க எங்க?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று பாவாடைக்குப் புரிந்துவிட்டது. பொன்னுசாமிக்கு என்ன தெரியும்? நேற்று வந்தவன், இந்த வீட்டுக் கதை எதுவும் அவன் காதுக்கு எட்டியதில்லை. நல்ல மாணவி நல்ல கேள்வி கேட்டுவிட்டாள் என்று பூரித்துப்போனான்.

"இருக்குதும்மா. இன்னும் ரெண்டு இருக்குது. பெரியதோட ஒண்ணு, சின்னதோட ஒண்ணு, ஒட்டிக்கிட்டே இருக்குதாம். எந்தக் கண்ணாடி போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தை மட்டும் தனியாப் பிரிச்சுப் பார்த்து, உள்ள இன்னொருத்தர் இருக்காங்கன்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

ராஜாம்பாளின் கண்ணைப் பொத்தியிருந்த பாவாடையின் உள்ளங்கை ஈரமாயிற்று. அவன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான். வியர்வை என்று நினைத்துக்கொள்ளவேண்டும் என்று விரும்பினான், ஆனால் வியர்க்கிற காற்று இல்லை அது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, வாத்தியாருக்குக் காப்பி கொடுக்கிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினாள்.

அன்றைக்குப் பாவாடை படுத்ததும் தூங்கிப்போனான். ஜோசியர் வாயைத் திறந்த நாளிலிருந்து வராத தூக்கம். காலையில் விழித்ததும் அதை நினைத்து அவனுக்கே ஆத்திரம் வந்தது. ஏன் தூங்கினான் என்று தெரிந்ததால் வந்த ஆத்திரம். உன்னோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொன்னுசாமி சொன்னது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. மைக் பிடித்து ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு!

ராஜாம்பாள் முறத்தில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார் என்றாள். உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் உளுந்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மூத்த பெண்ணுக்கு மீனம்பாள் என்று பெயர் வைத்தார்களாம். எந்நேரமும் பச்சைமுத்துவின் இடுப்பில்தான் இருப்பாளாம், அவன் குளிக்கப் போனாலும் இறங்கமாட்டாளாம். நாலு வயதில் பேதி கண்டு போய்விட்டாள். இரண்டாவது பெண் சாமுண்டீஸ்வரி. அவளுக்கு யாரிடமும் ஒட்டுதல் கிடையாதாம், ஒரு மூலையில் உட்கார்ந்து தானே விளையாடுவாளாம். பாவாடை இதையெல்லாம் இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டான்.

"மீனா அண்ணங்காரனாண்டதான் இருப்பா, அது எனக்குத் தெரியும். அப்ப சின்னவ உன்னாண்ட. அவ உன்னைப் பார்த்ததே இல்லடா. பார்க்காதவன்கிட்ட போயி ஒட்டிக்கிட்டு இருக்கறா பாரு" என்றாள் ராஜாம்பாள்.

முறத்தைக் கீழே வைத்தாள். விசாகத்திலேயே இரண்டு பேரும் இருக்கும்போது, அந்த விசாகத்தில் பிறந்தவளால் அவனுக்கு எப்படி ஆபத்து வரும், வரத்தான் விடுவார்களா என்று கேட்டாள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாகவேண்டும் என்றாள்.

"வாத்தியாரு வெளியூருக்காரரு. நல்ல மனுஷன், எனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுகூடச் சொல்லியிருப்பாரு. ஜோசியரு காசு வாங்கறவரு. நீ எதையும் நம்பாதவன். நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். மெய்யாலுமே அங்க இருக்காங்களா?"

பாவாடைக்குத் தப்பிக்க வழி இருந்ததா என்றால், இருந்தது. உள்ளது உள்ளபடி சொல்லலாம். அம்மா, வாத்தியார் சொன்னது நட்சத்திரம், அதோடு ஒட்டியிருப்பதும் நட்சத்திரம், மனுஷர் யாரும் அங்கே இல்லை, செத்தவர்கள் எங்கேயும் இல்லை. மைக்கில் எத்தனையோ தடவை சொன்னதுதான், அதற்குக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறான். சொன்னால் விசாகம் மறுபடியும் பழைய விசாகமாகிவிடும், அவலூர்பேட்டைக்குப் பதில் போகாது, அண்ணன் கயிற்றை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சொல்லாவிட்டால், இதுவரை அவன் பேசினதெல்லாம் காற்று. அதைவிட, இந்த ஒரு மனுஷி இவன் நம்பாதவன் என்பதற்காகவே இவனை நம்புகிறாள், அவளை ஏமாற்றவேண்டும்.

"இருக்காங்கம்மா" என்றான்.

"உன் கண்ணால பார்த்தியா?"

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்காங்க."

ராஜாம்பாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் நேராக வேலைக்கு வந்துவிட்டாள். ஜோசியரிடம் இனிமேல் எதையும் கேட்கவேண்டாம், வாய்க்கு வந்ததைச் சொல்வார், முகூர்த்தத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம், பச்சைமுத்துவைக் கடையைச் சாத்தச் சொல்லி இன்றைக்கே அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏற்று, தனியாக அனுப்பாதே, அவன் அங்கே போயும் கயிற்றைப் பற்றித்தான் பேசுவான், நீயும் போ என்றாள். பாவாடை எழுந்தான். கால் லேசாக இருந்தது, அதற்காகத் தன்மேலேயே கோபமாகவும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டான்.

"டேய்" என்று கூப்பிட்டாள்.

திரும்பி வந்தான். அவள் உளுந்துக்குள் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாத்தியாரு ரெண்டுன்னுதானே சொன்னாரு. அவங்கிட்ட ஒண்ணு, உங்கிட்ட ஒண்ணு. எனுக்கு மூணாச்சே."

கல்யாணம் முடிவாகிவிட்டது. இனி அவன் எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். பாவாடை அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மூணாவதை இன்னும் கண்டுபிடிக்கலம்மா. தேடிக்கிட்டு இருக்காங்க" என்றான்.

"யாரு தேடறாங்க?"

"வெள்ளைக்காரங்க. அமெரிக்காவுல மலை மேல பெரிய பெரிய கண்ணாடி வச்சிக்கிட்டு ராவெல்லாம் முழிச்சித் தேடறாங்க."

ராஜாம்பாள் அவனையே பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து, அது எங்கே என்று இந்த உலகத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"அது ரொம்பச் சின்னதுடா. பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு. அவ்ளோ லேசுல ஆப்டாது" என்றாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், தூக்கம் முழிச்சித் தேடறாங்களா. அவங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கட்டும்."